தூர் வாரினால் குற்றம்! இங்கிலாந்தின் அகழி வீடுகள்

குளத்தைத் தூர் வாருவது நல்ல காரியம். கால்வாயைத் தூர் வாருவதும் நல்ல காரியம். ஊரார் பாராட்டுவார்கள்.

ஆனால், இங்கிலாந்து நாட்டில் சில பள்ளங்கள் இருக்கின்றன. அவற்றைத் தூர் வாரினால் வழக்கு வரும். அபராதம் கட்ட வேண்டியிருக்கும். பள்ளம் தன் சொந்த நிலத்தில் இருந்தாலும் சரி, அரசாங்கத்தின் அனுமதி இல்லாமல் அதில் மண்வெட்டியைப் போடக் கூடாது. வேண்டுமென்றே அதை அழிப்பவருக்கு 2 ஆண்டு வரை சிறைத் தண்டனையும் கிடைக்கலாம்.

அந்தப் பள்ளங்களில் அப்படி என்ன இருக்கிறது? சாதாரணச் சேற்றுக்கு ஏன் இவ்வளவு காவல்?

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிய வேண்டுமானால், சுமார் 700 ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

வீட்டைச் சுற்றி அகழி

அகழி என்றதும் கோட்டைதான் நினைவுக்கு வரும். மன்னன், படை, போர், முற்றுகை எல்லாம் கண் முன் தோன்றும்.

இங்கிலாந்தில் அகழி வெட்டியவர்கள் மன்னர்கள் மட்டும் அல்ல. சிறு பிரபுக்கள் வெட்டினார்கள். மடங்கள் வெட்டின. கொஞ்சம் வசதி படைத்த விவசாயிகளும் தங்கள் வீட்டைச் சுற்றி அகழி வெட்டிக் கொண்டார்கள்!

இத்தகைய அகழி வீடுகள் இருந்த இடங்களாக இங்கிலாந்தில் சுமார் 6 ஆயிரம் இடங்கள் கண்டறியப்பட்டு இருக்கின்றன. நாட்டின் நடுப்பகுதியிலும் கிழக்குப் பகுதியிலும் இவை அதிகம். சபோக், எசெக்ஸ் மாவட்டங்களில் நிறைய உண்டு.

இவற்றில் பெரும்பாலானவை 1250-ம் ஆண்டுக்கும் 1350-ம் ஆண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் வெட்டப்பட்டவை.

வெட்டிய முறை எளிமையானது. சதுரமாகவோ நீள்சதுரமாகவோ ஓர் இடத்தைக் குறித்தார்கள். அதைச் சுற்றி அகலமான பள்ளம் தோண்டினார்கள். தோண்டிய மண்ணை நடுவில் கொட்டி மேடாக்கினார்கள். மேட்டின் மேல் வீடு எழுந்தது. பக்கத்தில் மாட்டுக் கொட்டில், தானியக் களஞ்சியம், சில இடங்களில் சிறு தோட்டம். ஓடையில் இருந்தோ ஊற்றில் இருந்தோ தண்ணீர் வந்து பள்ளத்தை நிரப்பியது. போக வர ஒரு பாலம்.

அந்தப் பகுதிகள் களிமண் பூமி. தண்ணீர் சீக்கிரம் கீழே இறங்காது. அதனால் அகழி வற்றாமல் நின்றது.

பயமா, பெருமையா?

எதற்காக இவ்வளவு பாடுபட்டு அகழி வெட்டினார்கள்?

திருடர் பயம் ஒரு காரணமாக இருக்கலாம். ஆடு மாடுகளைக் காப்பாற்றலாம். மேடான இடத்தில் வீடு ஈரம் இல்லாமல் இருக்கும். அகழியில் மீன் வளர்க்கலாம். தீப்பிடித்தால் தண்ணீர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்.

ஆனால், இவை எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு என்று ஆராய்ச்சியாளர்கள் கூறுகிறார்கள். அதுதான் அந்தஸ்து!

பெரிய பிரபுவின் கோட்டையைச் சுற்றி அகழி இருந்தது. அதைப் பார்த்த சிறிய பிரபு தன் மாளிகையைச் சுற்றி அகழி வெட்டினார். அவரைப் பார்த்த பண்ணைக்காரரும் அப்படியே செய்தார். பாலத்தைக் கடந்து ஒருவர் வீட்டுக்குள் போனால், அந்த வீட்டுக்காரர் பெரிய மனிதர் என்று அர்த்தம்.

ஸ்டோக்ஸே என்ற இடத்தில் லாரன்ஸ் என்ற கம்பளி வியாபாரி ஒருவர் இருந்தார். ஏராளமாகப் பணம் சேர்த்தார். கோட்டையைப் போல் கொத்தளம் வைத்து வீடு கட்டிக்கொள்ள 1291-ம் ஆண்டு மன்னரிடம் அனுமதி பெற்றார். வீட்டைச் சுற்றி அகழியும் இருந்தது. வியாபாரி பிரபு போல வாழ ஆசைப்பட்டார். அந்த வீடு இன்றும் இருக்கிறது.

1348-ம் ஆண்டு பெரும் கொள்ளைநோய் இங்கிலாந்துக்குள் நுழைந்தது. நாட்டு மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானோர் மாண்டார்கள். புதிதாக அகழி வெட்டும் வழக்கம் குறைந்தது. காலப்போக்கில் பல வீடுகள் கைவிடப்பட்டன. மரவீடுகள் மக்கி மண்ணாகிவிட்டன. சுற்றி இருந்த பள்ளம் மட்டும் மிஞ்சியது.

தப்பிய மாளிகைகள்

சில இடங்களில் வீடும் தப்பியது, அகழியும் தப்பியது. ஆனால், எதுவும் தானாகத் தப்பிவிடவில்லை. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் காப்பாற்றி இருக்கிறார்.

நார்போக் மாவட்டத்தில் ஆக்ஸ்பர்க் மாளிகை இருக்கிறது. 1482-ம் ஆண்டு அனுமதி பெற்று எட்மண்ட் பெடிங்பீல்ட் பிரபு கட்டியது. நான்கு பக்கமும் தண்ணீர்.

1951-ம் ஆண்டு இந்த மாளிகை விற்கப்பட்டது. இடித்து, மரத்தையும் கல்லையும் காசாக்கிவிடுவார்கள் என்ற நிலை ஏற்பட்டது. பெடிங்பீல்ட் குடும்பத்தைச் சேர்ந்த சிபில் சீமாட்டி சும்மா இருக்கவில்லை. குடும்பத்துப் பெண்கள் கைகோத்துப் பணம் திரட்டி, மாளிகையைத் திரும்ப வாங்கினார்கள். மறு ஆண்டு அதை ‘நேஷனல் டிரஸ்ட்’ என்ற பாதுகாப்பு அமைப்பிடம் ஒப்படைத்தார்கள்.

அன்று அந்தப் பெண்கள் தயங்கி இருந்தால், 2020-ம் ஆண்டு ஓர் அதிசயம் நடந்திருக்காது.

அந்த ஆண்டு கூரையைப் பழுதுபார்க்கும் வேலை நடந்தது. பரணில் பலகைகளை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். உள்ளே எலிக் கூடுகள்! எலிகள் இழுத்து வந்து சேர்த்து வைத்த துணித் துண்டுகள், காகிதத் துண்டுகள். பட்டும் வெல்வெட்டும் அதில் இருந்தன. 16-ம் நூற்றாண்டில் கையால் எழுதிய இசைக் குறிப்புகள் இருந்தன. 15-ம் நூற்றாண்டுப் பிரார்த்தனை ஏடு ஒன்றும் கூரை அடியில் கிடைத்தது. அதன் நீல நிறமும் பொன் எழுத்தும் மங்கவில்லை.

எலி சேர்த்தது குப்பை அல்ல, சரித்திரம்!

வார்விக்ஷயர் மாவட்டத்தில் உள்ள பேட்ஸ்லி கிளின்டன் மாளிகையின் கதை வேறு. முதலாம் எலிசபெத் ராணி காலத்தில் கத்தோலிக்கப் பாதிரியார்கள் வேட்டையாடப்பட்டார்கள். 1591-ம் ஆண்டு அதிகாரிகள் அந்த மாளிகையை முற்றுகையிட்டுத் தேடினார்கள். உள்ளே இருந்த பாதிரியார்கள் கீழே சாக்கடைச் சுரங்கத்தில் இறங்கி ஒளிந்தார்கள். சுமார் 4 மணி நேரம் தண்ணீரில் நின்றபடியே இருந்தார்கள். யாரும் பிடிபடவில்லை.

கெண்ட் மாவட்டத்தில் இத்தாம் மோட் என்ற 14-ம் நூற்றாண்டு வீடு இருக்கிறது. 1953-ம் ஆண்டு சார்லஸ் ஹென்றி ராபின்சன் என்ற அமெரிக்கர் அதை விலைக்கு வாங்கினார். தமக்குப் பின் நேஷனல் டிரஸ்டுக்குச் சேரும்படி எழுதி வைத்தார். 1985-ம் ஆண்டு அவர் காலமானதும் வீடு அந்த அமைப்புக்கு வந்தது.

அதைப் பழுதுபார்க்கும் வேலை 1989-ல் தொடங்கி 2004-ல் முடிந்தது. செலவு 1 கோடி பவுனுக்கும் மேல்! அங்கே முற்றத்தில் 1891-ம் ஆண்டு ஒரு நாய்க்காகக் கட்டிய கூண்டு கூட, சட்டத்தின் முதல் தரப் பாதுகாப்பில் இருக்கிறது.

கர்சன் பிரபு செய்த வேலை

பழைய சின்னங்களைக் காக்கும் சட்டம் இங்கிலாந்தில் சுலபமாக வந்துவிடவில்லை.

“என் நிலம், என் வீடு. இடிப்பேன், விற்பேன். கேட்க நீ யார்?” என்பதுதான் நிலச் சொந்தக்காரர்களின் வாதம். பார்லிமெண்டில் இருந்தவர்களில் பலர் நிலச் சொந்தக்காரர்கள்.

ஜான் லபக் என்ற அறிஞர் விடாமல் போராடினார். ஏவ்பரி என்ற ஊரில் பழங்காலக் கல்வட்டம் இருக்கிறது. அங்கே வீடுகள் கட்டப் போகிறார்கள் என்று தெரிந்ததும் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்து நிலத்தை வாங்கினார். அவர் முயற்சியால் 1882-ம் ஆண்டு முதல் சட்டம் வந்தது. ஆனால், அது பல் இல்லாத சட்டம். சொந்தக்காரர் சம்மதித்தால்தான் பாதுகாப்பு. அந்தப் பட்டியலில் இருந்தவையும் பெரும்பாலும் மிகப் பழைய கல்வட்டங்களும் சமாதி மேடுகளும்தான். வயல் நடுவே இருந்த அகழிகளை யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த திருப்பத்துக்குக் காரணமானவர், இந்தியாவில் வைசிராயாக இருந்த கர்சன் பிரபு.

வங்காளத்தைப் பிரித்தவர் என்று இந்தியர்களின் கோபத்துக்கு ஆளானவர் இவர். அதே கர்சன் காலத்தில்தான் 1904-ம் ஆண்டு இந்தியாவில் புராதனச் சின்னப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தாய்நாடு திரும்பிய பிறகும் அந்த ஆர்வம் அவரை விடவில்லை.

லிங்கன்ஷயர் மாவட்டத்தில் டாட்டர்ஷால் கோட்டை இருக்கிறது. 15-ம் நூற்றாண்டில் செங்கல்லால் கட்டியது. அகழி சூழ்ந்தது. 1911-ம் ஆண்டு அதன் அழகான கல் அடுப்பு முகப்புகளைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். அவை அமெரிக்காவுக்குப் போக இருந்தன. கர்சன் கோட்டையையே விலைக்கு வாங்கினார். முகப்புகளையும் தேடிக் கண்டுபிடித்து மீட்டார்.

இந்தச் சம்பவம் நாட்டையே உலுக்கியது. 1913-ம் ஆண்டு புதிய சட்டம் வந்தது. பட்டியலில் உள்ள சின்னத்தில் கைவைக்கும் முன், சொந்தக்காரர் அரசாங்கத்துக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று அது கூறியது.

இப்போது நடப்பில் இருப்பது 1979-ம் ஆண்டுச் சட்டம். தெரிவித்தால் மட்டும் போதாது. முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். அனுமதி இல்லாமல் பள்ளத்தை நிரப்பக் கூடாது, தோண்டக் கூடாது, உலோகம் கண்டுபிடிக்கும் கருவியைக் கூடக் கொண்டு போகக் கூடாது.

ஆட்கள் குடியிருக்கும் வீட்டுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அதற்குக் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் தனியாக இருக்கிறது. ஆகவே, பல இடங்களில் வீட்டுக்கு ஒரு சட்டம், அகழிக்கு ஒரு சட்டம் என்ற நிலை!

சேற்றில் என்ன இருக்கிறது?

மாளிகையைக் காப்பாற்றுவது சரி. வீடே இல்லாத வெறும் பள்ளத்தை ஏன் காப்பாற்ற வேண்டும்?

விடை சேற்றுக்குள் இருக்கிறது.

தண்ணீர் தேங்கிய சேற்றில் காற்றுப் புகாது. காற்று இல்லாத இடத்தில் மரம் சுலபமாக மக்காது. தோலும் அழியாது. விதைகளும் பூக்களின் மகரந்தமும் கூட நூற்றுக்கணக்கான ஆண்டுகள் அப்படியே இருக்கும்.

உடைந்த மரக்கிண்ணம், அறுந்த செருப்பு, சாப்பிட்டு எறிந்த பழத்தின் கொட்டை, மீன் முள், பாலத்தின் அடிமரம் எல்லாம் அகழியில் விழுந்து கிடக்கும். அந்தக் குடும்பம் என்ன சாப்பிட்டது, என்ன பயிர் செய்தது, சுற்றி என்ன மரம் வளர்ந்தது என்று சேறு சொல்லும்.

மன்னர்களின் கதை ஏடுகளில் இருக்கிறது. சாதாரணக் குடும்பத்தின் கதையை எழுதி வைத்தவர்கள் குறைவு. அதைச் சேறுதான் வைத்திருக்கிறது.

தூர் வாரினால் குற்றம் என்று சட்டம் சொல்வதற்குக் காரணம் இதுதான். ஒருவர் நல்ல எண்ணத்தோடு, அகழி அழகாக இருக்கட்டும் என்று இயந்திரத்தைக் கொண்டு வாரினாலும் 700 ஆண்டுச் சரித்திரம் ஒரே நாளில் கரையில் குப்பையாகக் கிடக்கும். தண்ணீரை வடித்துவிட்டாலும் ஆபத்துதான். சேறு காய்ந்து காற்றுப் புகுந்தால், இத்தனை நாள் மக்காதது மக்கத் தொடங்கும்.

கலப்பையும் புதிய வீடுகளும்

இன்று இந்த அகழிகளுக்கு இரண்டு பக்கம் இருந்தும் நெருக்கடி.

ஒன்று, விவசாயம். இரண்டாவது உலகப் போருக்குப் பிறகு உணவு உற்பத்தியைப் பெருக்க வேண்டிய கட்டாயம் வந்தது. பெரிய இயந்திரங்கள் வயலுக்கு வந்தன. வேலிகள் போயின; மேடுகள் போயின. பல அகழிகளை புல்டோசர் நிரவிவிட்டது.

சட்டத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட இடமாக இருந்தாலும், ஏற்கெனவே சட்டப்படி உழுதுவந்த நிலம் என்றால், அதே முறையில் தொடர்ந்து உழலாம் என்று பொது அனுமதி உண்டு. கட்டடம் கட்டுபவரைத் தடுக்கும் சட்டம் கலப்பையைத் தடுப்பதில்லை. ஆண்டுதோறும் உழ உழ மேடு கரைகிறது, பள்ளம் நிரம்புகிறது.

விவசாயியின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. நிலம் அவர் பிழைப்பு. வயலின் நடுவில் ஒரு துண்டு நிலத்தை நாட்டுக்காகச் சும்மா விடு என்றால், நஷ்டம் யாருடையது? அதனால்தான், அந்த இடத்தை உழாமல் புல்லாக விடும் விவசாயிகளுக்குப் பண உதவி தரும் திட்டங்கள் ஏற்பட்டன. சட்டத்தின் மிரட்டலை விட இந்த வழி பல இடங்களில் நல்ல பலன் தந்திருக்கிறது.

இன்னொன்று, வீட்டுப் பஞ்சம். 2024-ம் ஆண்டு பதவிக்கு வந்த பிரிட்டிஷ் அரசாங்கம், பார்லிமெண்டின் பதவிக் காலத்துக்குள் 15 லட்சம் வீடுகள் கட்டுவது என்று இலக்கு வைத்தது. இளம் தம்பதிகளுக்கு வீடு கிடைப்பது அங்கே பெரும்பாடு. 700 ஆண்டுப் பழைய பள்ளத்துக்காகப் புதுக் குடும்பம் தெருவில் நிற்பதா என்று கேட்பவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

பாதுகாப்புப் பட்டியலில் இல்லாத அகழிகள் பல உண்டு. இங்கிலாந்து முழுவதும் எல்லா வகையிலும் சேர்த்தே பட்டியலில் உள்ள சின்னங்கள் சுமார் 20 ஆயிரம்தான். எவற்றைச் சேர்ப்பது என்று முடிவு செய்பவர் அமைச்சர். ‘ஹிஸ்டாரிக் இங்கிலாண்ட்’ என்ற அமைப்பு அவருக்கு ஆலோசனை சொல்கிறது.

பட்டியலில் இல்லாதவை கதி என்ன? 1990-ம் ஆண்டு முதல் ஒரு நடைமுறை இருக்கிறது. பழைய சின்னம் புதைந்திருக்கலாம் என்று தெரிந்தால், கட்டடம் எழுப்பும் முன் ஆராய்ச்சி நடத்த வேண்டும். செலவைக் கட்டுபவரே ஏற்க வேண்டும்.

ரயில் தந்த வெளிச்சம்

அதற்கு ஓர் உதாரணம் கோல்ஷில்.

லண்டனையும் பர்மிங்ஹாமையும் இணைக்கும் ‘எச்.எஸ்.2’ அதிவேக ரயில் பாதைக்காக, வார்விக்ஷயர் மாவட்டத்தில் உள்ள கோல்ஷில் என்ற இடத்தைத் தோண்டினார்கள். அங்கே ஒரு காலத்தில் அகழி சூழ்ந்த மாளிகை இருந்தது. தோண்டியபோது பெரிய கல் வாயிலின் இடிபாடு வெளிவந்தது. அதன் சுவரில் துப்பாக்கிக் குண்டு பட்ட அடையாளங்கள் சுமார் 200!

1642-ம் ஆண்டு மன்னர் கட்சிக்கும் பார்லிமெண்ட் கட்சிக்கும் மூண்ட உள்நாட்டுப் போரில், முதல் மோதல்களில் ஒன்று இங்கே நடந்திருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் 2023-ம் ஆண்டு தெரிவித்தார்கள்.

ரயில் பாதை போடாவிட்டால் இது தெரிந்திருக்காது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். அது உண்மைதான்.

ஆனால், மறுபக்கமும் உண்டு. தோண்டிய இடத்தை மீண்டும் ஒரு முறை தோண்ட முடியாது. இன்று இருக்கும் கருவிகளுக்குத் தெரிந்தது மட்டுமே கிடைக்கும். நாளைக்கு இன்னும் நல்ல கருவி வரும். அப்போது பார்க்க ஒன்றும் இருக்காது.

கருவிகள் வளர்வதற்குச் சான்றும் இருக்கிறது. விமானத்தில் இருந்து ஒளிக்கதிரைப் பாய்ச்சித் தரையின் மேடு பள்ளத்தை அளக்கும் முறை இப்போது வந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அகழிகளின் கோடுகளை அது காட்டுகிறது. உழுது நிரவிய இடத்திலும் அடிச்சேறு மிஞ்சி இருக்கக்கூடும்.

எதைக் காப்பது?

எல்லா அகழியையும் காக்க முடியாது. 6 ஆயிரம் பள்ளங்களுக்கும் காவல் போட எந்த அரசாங்கத்தாலும் ஆகாது. வீடும் வேண்டும், உணவும் வேண்டும்.

ஆனால், அழகானதை மட்டும் காப்போம் என்று முடிவு செய்தால் அது தவறான கணக்கு. இத்தாம் மோட்டுக்கு 1 கோடி பவுன் கிடைக்கும். ஆக்ஸ்பர்க்கைப் பார்க்க மக்கள் கூட்டம் வரும். புல் மூடிய பள்ளத்தைப் பார்க்க யார் வருவார்? ஆனால், அந்த நாட்டின் விவசாயக் குடும்பங்கள் எப்படி வாழ்ந்தன என்பது புல் மூடிய பள்ளத்தில்தான் அதிகம் இருக்கிறது.

அதைக் காக்க மாளிகைக்கு ஆகும் செலவு ஆகாது. உழாமல் விட வேண்டும். தண்ணீரை வடிக்காமல் இருக்க வேண்டும். பெரிய மரம் வேர் விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குப்பை கொட்டக் கூடாது. மாடு மேயலாம், வாத்து நீந்தலாம்.

இதை லண்டனில் உள்ள அதிகாரி வந்து செய்ய முடியாது. தினமும் அந்த வழியே நடக்கும் விவசாயிதான் செய்ய வேண்டும். பட்டியலில் சேர்ந்தாலும் நிலம் அவருடையதாகவே இருக்கிறது. பொதுமக்கள் உள்ளே நுழைய உரிமை வந்துவிடுவதும் இல்லை. இதை அவருக்கு விளக்கிச் சொல்லி, அவர் நஷ்டத்துக்கு ஈடு கொடுத்தால், அவரே நல்ல காவலர்.

இடிந்த சுவரை மறுபடியும் எழுப்பலாம். தூர்ந்த பள்ளத்தை மறுபடியும் வெட்டலாம். அதில் புதுத் தண்ணீர் நிற்கும். 700 ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டார் சாப்பிட்டுப் போட்ட பழத்தின் கொட்டை அதில் இருக்காது.